முடிச்சின் வடிவியல்: பழனிமலை அடிவாரத்துச் சுங்குடியும் சமச்சீரின் கணக்கும்

கொடைக்கானலிலிருந்து காட்ரோடு வழியாக இறங்கி வத்தலக்குண்டு, செம்பட்டி, ஆத்தூர் என்று கிழக்கே வந்தால் பழனிமலையின் கடைசிக் குன்றுகள் முதுகுப்புறம் தங்கிவிடும். எதிரே சிறுமலை எழும். இரண்டு மலைகளுக்கும் நடுவிலுள்ள சமவெளியில், திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சின்னாளபட்டி. பக்கத்திலேயே காந்திகிராமம். சௌராட்டிர, தேவாங்க நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தறியும் சாயமுமாக வாழ்ந்துவரும் ஊர் இது. இங்கிருந்தும் மதுரையிலிருந்தும் கிளம்பிய சுங்குடிச் சேலையைத் தமிழ்நாட்டில் உடுத்தாத வீடு குறைவு. மதுரைச் சுங்குடி என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தோடு சௌராட்டிரர் மரபு இந்தக் கைத்தொழிலை இணைத்துச் சொல்கிறது. கட்டிச் சாயம் தோய்க்கும் இந்த முறையின் உறவினரைக் குஜராத்தின் பந்தனித் துணிகளில் இன்றும் பார்க்கலாம்.

சுங்குடியின் அழகைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதில் உள்ள கணக்கைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. ஒரு துணியில் எந்த வகைச் சமச்சீர் வரலாம், எது வரவே முடியாது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதைச் செய்யும் முறைதான் என்பது என் வாதம். முடிச்சு போடும் விரலுக்கு ஒரு வடிவியல் உண்டு. பாவும் ஊடையும் பின்னும் தறிக்கு வேறொன்று. இழை எண்ணித் தைக்கும் ஊசிக்கு இன்னொன்று. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் சுங்குடி எவ்வளவு சுதந்திரமான கலை என்பது விளங்கும்.

முதலில் ஒரு புள்ளி எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். கட்டுகிறவர் துணியில் ஒரு துளி இடத்தை நக நுனியால் கிள்ளித் தூக்குகிறார். அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றி, அறுக்காமலே அடுத்த இடத்துக்கு நகர்கிறார். எல்லா முடிச்சும் முடிந்தபின் துணி சாயத்தில் முங்கும். நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாது. நுனியில் சிறிது ஏறும். காயவைத்து, இருபுறமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் அவிழும். நிறத்தின் நடுவே ஒரு வெளிர் வளையமும், வளையத்துக்குள் ஒரு நிறப்பொட்டும் தெரியும்.

அந்த வளையத்தை உற்றுப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று புலப்படும். அது முழுவட்டம் ஆவதில்லை. மூலைகள் மழுங்கிய சதுரத்தின் சாயல் அதில் இருக்கும். காரணம் துணியிலேயே இருக்கிறது. நெய்த துணியைப் பாவின் திசையிலோ ஊடையின் திசையிலோ இழுத்தால் அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் இழைகள் கத்தரிபோல் சாய்ந்து இடம் கொடுக்கும். எல்லாத் திசையிலும் சமமாக விரல் கிள்ளினாலும் துணி எல்லாத் திசையிலும் சமமாக ஒத்துழைப்பதில்லை. ஒவ்வொரு 90 பாகைக்கும் அதன் குணம் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் தறியின் நாற்திசைச் சமச்சீர், தறியை விட்டு இறங்கி வெகுநாள் ஆனபிறகும், ஒவ்வொரு புள்ளியின் உருவத்திலும் பதிந்துவிடுகிறது. அச்சடித்த சுங்குடியில் இந்த நுட்பம் இருக்காது. அங்கே வட்டம் வட்டமாகவே நிற்கும்.

புள்ளியின் உருவம் துணி கொடுத்தது. புள்ளிகளின் அடுக்கு கட்டுகிறவர் கொடுப்பது. கோலம் போடும் எவருக்கும் இரண்டு அடுக்குகள் தெரியும்: நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி. நேர்ப்புள்ளியில் ஒரு வரிசையின் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் புள்ளி. ஊடுபுள்ளியில் மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ்ப்புள்ளி. முதலாவது சதுர வலை. இரண்டாவதில் வரிசைகளுக்கு இடையிலான தூரத்தைச் சரியாக வைத்தால் ஒவ்வொரு புள்ளியையும் ஆறு புள்ளிகள் சமதூரத்தில் சூழும் அறுகோண வலை கிடைக்கும். சரியான தூரம் என்பது ஒரு கணக்கு. ஒரே வரிசையில் புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. என்றால், வரிசைக்கு வரிசை சுமார் 1.73 செ.மீ. இருக்க வேண்டும். அந்த 1.73 மூன்றின் வர்க்கமூலம்.

இந்தச் சிறிய வேறுபாட்டுக்கு உழைப்பில் என்ன விலை என்று பார்க்கலாம். ஐந்தரை மீட்டர் நீளமும் சுமார் 115 செ.மீ. அகலமும் உள்ள சேலையின் பரப்பு 63,250 சதுர செ.மீ. 2 செ.மீ. இடைவெளியில் நேர்ப்புள்ளியாக நிறைத்தால் ஏறத்தாழ 15,800 முடிச்சுகள். அதே 2 செ.மீ. இடைவெளியில் அறுகோண அடுக்காகக் கட்டினால் 18,200-ஐத் தாண்டும். சுங்குடிச் சேலைக்கு இருபதாயிரம் முடிச்சு வரை ஆகும் என்று பேச்சுவழக்கில் சொல்வது மிகையல்ல என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. நிமிடத்துக்கு 5 முடிச்சு என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளிச் சேலைக்கு 52 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அறுகோண அடுக்குக்கு இன்னும் 8 மணி நேரம், அதாவது முழுதாக ஒரு நாள் வேலை. ஊடாக வைப்பதாலேயே வேலை கூடிவிடுவதில்லை. வரிசைகளை நெருக்கி ஆறு திசையும் சமமாக்கும்போதுதான் கூடுகிறது. சமச்சீர் கூடக்கூட உழைப்பும் கூடும் என்பதைக் கூலிக்குக் கட்டும் பெண்ணின் விரல் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் முன்பே அறிந்திருக்கும்.

வார இதழ்களின் மார்கழிப் பக்கங்களில் ‘15 புள்ளி 8 வரை, ஊடுபுள்ளி’ என்று ஒரு வரி கோலத்தின் கீழே இருக்கும். நடுவரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 என்பது பொருள். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள். பக்கத்துக்கு 8 புள்ளிகள் கொண்ட ஒழுங்கு அறுகோணம். எண்கோட்பாட்டில் இவற்றுக்கு மையம்கொண்ட அறுகோண எண்கள் என்று பெயர்: 1, 7, 19, 37 என்று போகும் தொடரில் எட்டாவது எண் 169. தொடங்கும் எண்ணும் முடியும் எண்ணும் மட்டும் சொன்னால் போதும், முழு வலையும் கிடைத்துவிடும். இப்படி ஒரு சிறு விதியிலிருந்து பெரிய வடிவம் விரியும் தன்மையைத்தான் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கணினி அறிவியலின் மொழிக்குள் கொண்டுவந்தார்கள். சொற்கோவைகளை ஆக்கும் இலக்கணம் இருப்பதுபோல, படங்களின் அணிவரிசைகளை ஆக்கும் இலக்கணம் ஒன்றை வகுத்து, கோலங்களை அதன் எடுத்துக்காட்டாக வைத்தார்கள். 1974இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, வாசற்படியில் மாவால் இடும் ஒன்றை உலகக் கணினி ஆய்வில் நிரந்தரமாகச் சேர்த்தது. சுங்குடி அந்தக் கவனத்தைப் பெறவில்லை. கோலத்தின் புள்ளிகளைச் சுற்றிக் கோடு ஓடுகிறது. சுங்குடியில் புள்ளியே எல்லாம்.

இனி, கணிதம் சமச்சீர் என்பதை எப்படி வரையறுக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வடிவத்தை நகர்த்தியோ திருப்பியோ பிரதிபலித்தோ வைத்தபின் அது முன்போலவே தெரிந்தால், அந்தச் செயல் அதன் சமச்சீர். சமதளத்தில் இதற்கு நான்கு வழிகளே உண்டு: இடப்பெயர்ச்சி, சுழற்சி, பிரதிபலிப்பு, பிரதிபலித்துச் சறுக்குதல். ஒரு வடிவத்தின் சமச்சீர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குலம் ஆகின்றன. ஒரே திசையில் திரும்பத் திரும்ப வரும் பட்டைகளுக்கு 7 குலங்கள், தளம் முழுவதும் நிறையும் அமைப்புகளுக்கு 17. ரஷ்யப் படிகவியலாளர் ஃபெடோரோவ் 1891இல் இந்தப் பதினேழை நிறுவினார். 1924இல் ஜார்ஜ் போல்யா அவற்றைத் தனியே மறுபடி கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து காட்டினார். மீண்டும் மீண்டும் வரும் தள அமைப்பில் 2, 3, 4, 6 என்ற மடங்குகளில் மட்டுமே சுழற்சி இருக்க முடியும். ஐந்திதழ்ப் பூவைத் துணியெங்கும் இறைக்கலாம். ஆனால் அந்தப் பூவின் ஐந்துமடிச் சுழற்சி முழுத்துணியின் சுழற்சியாக ஒருபோதும் ஆகாது.

ஏழு பட்டைக் குலங்களைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். சேலைக் கரையே போதும். ஒரே பக்கம் பார்த்து நடக்கும் அன்னங்களின் வரிசையில் நகர்வு மட்டும் உண்டு. கோபுரக் கரையின் கூர்நுனிகள் இடவலமாகப் பிரதிபலிக்கும், மேல்கீழாகப் பிரதிபலிக்காது. இலை மாறிமாறி மேலும் கீழும் வரும் கொடியில் சறுக்குப் பிரதிபலிப்பு. வளைந்து வளைந்து போகும் வங்கியை அரைச்சுற்றுத் திருப்பினாலும் அதே வங்கி. ருத்திராட்ச மணிகளின் வரிசையில் எல்லாமே பொருந்தும். மீதி இரண்டையும் கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எந்த வாசகரும் கண்டுபிடித்துவிடலாம்.

நெசவில் இந்தச் சமச்சீர் இன்னொரு காரணத்தாலும் மலிவாகக் கிடைக்கிறது. ஜக்கார்டு பெட்டியின் ஒரே கொக்கியில் இடக்கரையின் ஓர் இழையையும் வலக்கரையில் அதற்கு நேரான இழையையும் சேர்த்துக் கட்டினால், ஒன்று எழும்போது மற்றதும் எழும். பாதி வடிவத்துக்கு அட்டை குத்தினால் போதும், மறுபாதி பிரதிபலிப்பாகத் தானே வந்துவிடும். தறியில் பிரதிபலிப்பு உழைப்பை மிச்சப்படுத்துகிறது. சற்று முன்பு அறுகோணச் சுங்குடியில் பார்த்ததற்கு இது நேர்மாறு. ஒரே சமச்சீர் ஒரு தொழிலில் செலவாகவும் இன்னொரு தொழிலில் வரவாகவும் இருக்கிறது.

ஆனால் தறி ஒரு விஷயத்தில் கைவிரித்துவிடும். சம அடர்த்தியில் பாவும் ஊடையும் ஓடும் துணியில் ஒரு சமபக்க முக்கோணத்தைப் பிசகில்லாமல் நெய்யவே முடியாது. இது நெசவாளரின் திறமைக் குறைவால் வருவதன்று; அது நிரூபிக்கப்பட்ட உண்மை. இழைகள் குறுக்கிடும் இடங்கள் ஒரு சதுர வலை. முக்கோணத்தின் மூன்று மூலைகளும் அந்த வலையின் மேல் இருந்தால், அதன் பரப்பு ஒரு முழு எண்ணாகவோ அரையோடு கூடிய எண்ணாகவோதான் இருக்கும். பக்கத்தின் வர்க்கமும் பிதாகரஸ் தேற்றப்படி முழு எண். சமபக்க முக்கோணத்தின் பரப்போ, பக்கத்தின் வர்க்கத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி நாலால் வகுத்தது. மூன்றின் வர்க்கமூலம் எந்தப் பின்னத்துக்கும் அடங்காத எண் என்பதால் இரண்டும் ஒத்துப்போகாது. ஆகவே நெசவாளர் கிட்டத்தட்ட வருவதைக் கொண்டு சமாளிக்கிறார். அடிப்பக்கம் 8 இழை, உயரம் 7 இழை என்று எடுத்தால் உண்மையான உயரம் 6.93, பிழை ஒரு சதவீதம். கண்ணுக்குத் தெரியாது. தறியில் பிறக்கும் அறுமுனை நட்சத்திரம் எதுவானாலும் இப்படி ஒரு சமாதானத்தின் மேல்தான் நிற்கிறது.

சுங்குடி கட்டும் விரலுக்கு இந்தத் தளை இல்லை. இரண்டு சென்டிமீட்டருக்குள் பல பத்து இழைகள் ஓடுகின்றன. நகம் எந்த இடத்தையும் கிள்ளலாம். மூன்றின் வர்க்கமூலம் அங்கே தடையாக வராது. கண்ணும் கையும் ஒத்துக்கொண்டால் போதும். ஆறிதழ்ப் பூவும் அறுகோணமும் கட்டுச் சாயத்தில் இயல்பாக வருவதற்கும், கைத்தறிப் புட்டாவில் சதுரமும் சாய்சதுரமும் ஆட்சி செய்வதற்கும் வடிவியல் காரணம் இதுவே.

நிறங்கள் கூடும்போது கணக்கு இன்னும் சுவைப்படும். கட்டுச் சாயத்தில் வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் கடைசியில். வெள்ளைத் துணியிலேயே கட்டிய புள்ளி கடைசிவரை வெள்ளை. மஞ்சள் தோய்த்தபிறகு கட்டியது மஞ்சள். அதன்மேல் அரக்கு ஏறுகிறது. ஆக, ஒரு புள்ளியின் நிறம் அது எந்தக் கட்டத்தில் கட்டப்பட்டது என்பதன் பதிவு. நேர்ப்புள்ளியில் ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டினால், மஞ்சள் மட்டும் தனியாக 45 பாகை சாய்ந்த இன்னொரு சதுர வலை ஆகும். நாற்திசைச் சுழற்சி அப்படியே தப்பித்துக்கொள்ளும். ஆனால் அறுகோண அடுக்கில் புள்ளிகளை இரண்டு நிறத்துக்குச் சரிபாதியாகப் பங்கிட்டுப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்று போன்ற எளிய பங்கீடுகளில் ஆறுமடிச் சுழற்சி உடைந்துவிடும். பெரும்பாலும் வரிவரியாகப் பட்டைகள் தெரியும். ஒரு பங்கு மஞ்சள், இரண்டு பங்கு வெள்ளை என்றால் சுழற்சி பிழைக்கும். மூன்று நிறங்கள் சமமாக வந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஓர் அறுகோண வலை கிடைக்கும். எத்தனை நிறம் வேண்டும் என்பதை ரசனை மட்டும் முடிவு செய்வதில்லை. அடுக்கும் அதில் ஒரு வாக்குப் போடுகிறது.

நிறமும் சமச்சீரும் சேரும் இந்தக் கேள்வியை முதலில் முறையாகத் தீர்த்தவர் துணி ஆய்வகத்தில் இருந்த ஒருவர் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஊடுகதிர் கொண்டு கம்பளி இழையின் அமைப்பை ஆராய்ந்த வில்லியம் ஆஸ்ட்பரியின் சகா ஹெச். ஜே. வுட்ஸ். 1935, 36இல் ஜவுளித் துறை ஆய்விதழ் ஒன்றில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள், இரண்டு நிறங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறும் அமைப்புகளை வகைப்படுத்தின. பட்டைகளில் 17, தளத்தில் 46. படிகவியலாளர்கள் இதன் பயனைப் பின்னால்தான் உணர்ந்தார்கள். டொரத்தி வாஷ்பர்ன் என்ற மானுடவியலாளரும் டொனால்ட் குரோவ் என்ற கணிதரும் 1988இல் எழுதிய நூல் இந்த வகைப்பாட்டை உலகப் பண்பாடுகளின் துணி, பானை, கூடை எல்லாவற்றுக்கும் பொருத்திக் காட்டியது.

வுட்ஸின் இருநிறக் கணக்கைக் கண்ணால் காணப் பழனிமலைக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு பெரிய மேட்டுக்குப் போக வேண்டும். நீலகிரியின் தோடர் பெண்கள் பூத்குளிப் போர்வையில் தைக்கும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியிலிருந்து வாங்கும் வெள்ளைப் பருத்தித் துணி. அதில் நெய்தே வந்திருக்கும் சிவப்பு, கறுப்புப் பட்டைகள். அவற்றையொட்டிச் சிவப்பும் கறுப்புமான நூலில் தையல். துணியை விறைப்பாக்கச் சட்டம் கிடையாது, துணிமேல் வரைந்த படம் கிடையாது. இழையை எண்ணுவது மட்டும்தான் வழி. டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் தோடர்களைப் பற்றிய தன் பெருநூலை 1906இல் வெளியிட்டார். அதற்குப் பின் தோடர் மொழியும் சடங்கும் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. அந்தப் பெண்கள் மனத்துக்குள் செய்யும் எண்கணிதமோ இன்னும் உரிய இடம் பெறவில்லை என்றே நினைக்கிறேன்.

எண்ணித் தைக்கும் ஊசி தறியின் வலைக்கு முழுக்கக் கட்டுப்பட்டது. எனவே அறுகோணம் இங்கே இல்லை. சாய்சதுரமும் முக்கோணமும் வங்கிக் கோடும்தான். ஆனால் இந்தக் கட்டுப்பாடு வேறொரு வகைச் செல்வத்தைத் தருகிறது. ஊசி மூன்று இழைகளுக்கு மேலாகப் போனால் அந்த மூன்றில் முகப்பில் நிறம் தெரியும், பின்புறம் வெறுமை. அடுத்த மூன்றில் அடியாகப் போனால் முகப்பு வெறுமை, பின்புறம் நிறம். ஆக, ஓட்டுத்தையலில் துணியின் பின்புறம் என்பது முகப்பின் எதிர்ப்படம், அதுவும் இடவலம் மாறிய எதிர்ப்படம். இடவலம் மாற்றி, நிறத்தையும் வெறுமையையும் இடம் மாற்றினாலும் அதே வடிவமாக இருக்கும்படி தைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரியும். வுட்ஸ் காகிதத்தில் தீர்த்த இருநிறச் சமச்சீர் ஒரு தையல்காரியின் கையில் முன்புறம் பின்புறம் என்ற பேதம் இல்லாத போர்வையாக மாறுவது இப்படித்தான்.

துணிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதைப் பதினேழு குலங்கள் கணக்கில் எடுப்பதில்லை. இருபக்கத் தளத்துக்குக் கணிதம் 80 குலங்களை வகுத்திருக்கிறது. சுங்குடி அந்த எண்பதில் மிக வளமான இடங்களில் நிற்கிறது. முழுக்கத் தோய்த்த துணி என்பதால் முன்புறத்துப் புள்ளி பின்புறமும் அதே புள்ளி. கரையும் உடலும் திசை காட்டாதபோது அரைச்சுற்றுத் திருப்பினாலும் வேறுபாடு தெரியாது. இதன் பலன் உடுத்துகிறவருக்குத் தெரியும். கீழ்க்கரை தரையில் உரசி நைந்தால் சேலையைத் தலைகீழாக மாற்றிக் கட்டலாம். வெயிலில் ஒருபுறம் மங்கினால் மறுபுறம் திருப்பலாம். அன்றாட உழைப்புக்கு உடுத்தும் பருத்திச் சேலைக்கு இரட்டை ஆயுள் கொடுத்தது இந்தச் சமச்சீர்.

மடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுச் சாயத்தில் பிரதிபலிப்பு பிறக்கும் இடம் அது. குஜராத்தில் பந்தனித் துணியை இரண்டாகவோ நாலாகவோ மடித்து, அடுக்குகளைச் சேர்த்துக் கிள்ளி ஒரே முடிச்சாகக் கட்டுவார்கள். நாலு மடிப்பில் ஒரு முடிச்சு நாலு புள்ளி. முடிச்சு கால்பங்காகக் குறையும், மடிப்புக் கோடுகள் பிரதிபலிப்புக் கோடுகளாகும். விசிறிபோல 10 செ.மீ. அகலத்தில் மாறிமாறி மடித்தால் துணியில் வடிவம் 20 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வரும். அடுத்தடுத்த இரண்டு பிரதிபலிப்புகள் சேர்ந்தால், அவற்றின் இடைவெளியைப் போல் இருமடங்கு இடப்பெயர்ச்சி ஆகும் என்ற தேற்றத்தின் கைவடிவம் அது. தளம் முழுவதையும் ஒரே துண்டின் மேல் பிசகில்லாமல் மடித்து அடுக்க எத்தனை உருவங்களால் முடியும்? நான்கே நான்கு: செவ்வகம், சமபக்க முக்கோணம், சதுரத்தின் பாதியான செங்கோண முக்கோணம், சமபக்க முக்கோணத்தின் பாதி. இவற்றைத் தாண்டி எந்தச் சாயக்காரரும் எந்த நாட்டிலும் புதிய மடிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஜப்பானியர் பலகைகளுக்கு நடுவே அழுத்திச் சாயம் ஏற்றும் மடிப்புத் துணிகளில் இந்த முக்கோணங்களை மிக அழகாகக் கையாண்டிருக்கிறார்கள்.

மடிப்புக்கு ஒரு குறையும் உண்டு. உள்ளடுக்கில் சாயம் வெளியடுக்குப்போல் ஏறாது. கிள்ளிய நுனியின் அளவும் அடுக்குக்கு அடுக்கு மாறும். மடிப்பின் பிரதிபலிப்பு இடத்தில் துல்லியமானது, உருவில் தோராயமானது. ஒற்றை அடுக்கில் தனித்தனியாகக் கட்டினால் உருவம் சீராக வரும், ஆனால் இடத்தைக் கண்தான் காக்க வேண்டும்.

சாயம் ஏறாமல் தடுப்பதற்கு நூல்தான் வேண்டும் என்பதில்லை. வடக்கு வியட்நாமின் சாப்பா மலைப்பகுதியில் ஹ்மாங் பெண்கள் சணல்வகைத் துணியில் தேன்மெழுகால் கோடிழுத்து அவுரிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். அங்கே கருவி கோடு போடுவது. அதனால் அவர்களுடைய பாவாடைகளில் சுருளும் கட்டமும் நெளியும் செழித்திருக்கின்றன. நம் சுங்குடிக்குள்ளும் மெழுகு வந்தது, அச்சுக்கட்டையின் முகத்தில் ஏறிக்கொண்டு. மெழுகு அச்சு நகத்தின் வேலையைக் கட்டைக்கு மாற்றியது. அதன்பின் திரைஅச்சு வந்து மெழுகையும் ஓரம் தள்ளியது. இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் மிகப் பெரும்பகுதி அச்சடித்தவை. விலை குறைவு, வேகம் அதிகம். வாங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் கணிதப்படி இரண்டும் ஒரே பொருளல்ல. திரைஅச்சில் ஒரு சட்டத்தின் அளவே மீள்தூரம். அந்தச் சட்டத்தில் ஒரு புள்ளி கோணலாக இருந்தால் சேலை நெடுகச் சம இடைவெளியில் அதே கோணல் வரும். பிழையும் சமச்சீருக்குள் அடங்கிவிடுகிறது. கட்டிய சுங்குடியில் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றல்ல; வலை மட்டுமே பொது. அடுத்து, அச்சு ஒருபுறம் விழுவது. பின்புறம் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியாது. எண்பது குலங்களின் வளமான மூலையிலிருந்து சுங்குடி வெறும் ஒருபக்கத் தளத்துக்கு இறங்கிவிடுகிறது. திருப்பிக் கட்டும் வசதியும் அதோடு போகிறது. ஆகவே கடையில் நிற்கிறவர் செய்ய வேண்டிய சோதனை எளியது. சேலையைத் திருப்பிப் பாருங்கள். பிறகு ஒரு புள்ளியைக் கண்ணருகே கொண்டுவந்து, அது வட்டமா, மூலை மழுங்கிய சதுரமா என்று பாருங்கள்.

கட்டுகிறவருக்கான கூலியைப் பேசும்போதும் இந்தக் கணக்கு உதவும் என்று நம்புகிறேன். சேலைக்கு இவ்வளவு என்று ஒட்டுமொத்தமாகப் பேசினால் நேர்ப்புள்ளிக்கும் அறுகோண அடுக்குக்கும் நடுவே இருக்கும் ஒரு முழுநாள் உழைப்பு காணாமல் போய்விடும். இடைவெளியை 2 செ.மீ.யிலிருந்து ஒன்றரையாகச் சுருக்கினால் முடிச்சுகள் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும். பார்வைக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும் அந்தச் சேலை, 28,000 முடிச்சுகள் கொண்ட வேறொரு சேலை. அடுக்கையும் இடைவெளியையும் சொல்லாமல் சுங்குடியின் விலையைச் சொல்வது சரியாகாது.

பழைய சுங்குடிகள் சின்னாளபட்டியிலும் மதுரையிலும் பெட்டிகளின் அடியில் இன்னும் கிடக்கின்றன. பாட்டிமார் மறையும்போது அவை கிழிந்து துடைப்புத் துணியாகின்றன. கோலத்துக்குத் தாம்பரத்தில் நடந்ததுபோல், சுங்குடிக்கு ஒரு முறையான பதிவு வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காந்திகிராமத்தின் பல்கலைக்கழகம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, கணிதம் படிக்கும் மாணவர் நான்கு பேர் போதும். வாஷ்பர்னும் குரோவும் வகுத்த கேள்விநிரல் எந்தத் துணிக்கும் பொருந்தும். அதன் முதல் கேள்வி, வடிவம் தன்மேல் பொருந்தத் தேவையான மிகச் சிறிய சுழற்சி எத்தனை பாகை என்பது. 90 என்று வந்தால் நேர்ப்புள்ளி, 60 என்று வந்தால் வரிசைகளை அளந்து நெருக்கியவர் கட்டியது, 180 என்று வந்தால் ஊடுபுள்ளியை அளக்காமல் கட்டியது. அடுத்துப் பிரதிபலிப்பு உண்டா, உண்டென்றால் மடிப்புத் தடம் அதே கோட்டில் தெரிகிறதா. பிறகு நிறம் எத்தனை, எந்த விகிதத்தில். இந்த மூன்று பதில்களை ஒவ்வொரு சேலைக்கும் எழுதி, அதைக் கட்டிய காலத்தையும் தெருவையும் சேர்த்துக் குறித்தால், எந்தக் குடும்பம் எந்த அடுக்கைக் கைக்கொண்டது, மெழுகு அச்சு வந்தபோது எந்த வடிவம் முதலில் மறைந்தது என்பதையெல்லாம் ஊகமின்றிச் சொல்லத் தொடங்கலாம்.